காலி வண்டியையும் எடை போடச் சொன்ன கடை

2025 மார்ச் மாதம் என் பிக்கப்பின் முன்பக்கத்தில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது வராது. இறங்கும்போது மட்டும், இடது முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து 'டொக்'கென்று ஒரே ஒரு அடி. கொளத்தூரில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். வழியில் பதினோரு ஸ்பீடு பிரேக்கர். காலையில் பதினோரு அடி, மாலையில் பதினோரு அடி.

வண்டி இசுஸு வி-கிராஸ், 2018 மாடல், ஃபோர் பை ஃபோர். 2022-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கும் டீச்சருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா போன பிறகு போளூர் பக்கத்து நிலம் என் பொறுப்புக்கு வந்தது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகிற சாலை மலை ஏறுவதற்கு முன்பே ஒரு மண்பாதை பிரியும். அதில் நான்கு கிலோமீட்டர், நடுவில் ஓர் ஓடை. ஓடைக்குப் பாலம் கிடையாது. மழையில் உருண்டு வரும் கல் எங்கே வந்து நிற்கிறதோ, அதைச் சுற்றிப் போவதுதான் அந்த வருடத்துப் பாதை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போகிறேன். போகும்போது எருவும் பைப்பும், வரும்போது வேர்க்கடலை மூட்டை. ஓடைக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. இருட்டுகிற நேரத்தில் அங்கே சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு பால் ஜாயின்ட் கழன்றால் நானும் வண்டியும் அங்கேதான். அதனால் சஸ்பென்ஷன் வேலையை யாரிடம் கொடுப்பது என்பது எனக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

சென்னையில் நல்ல மெக்கானிக் யார் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு 'நம்ம ஆளு' இருப்பார். மூன்று பேர் ஒரே கடையைச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். வாசலில் தூக்கிவிட்ட ஜீப்புகள் வரிசையாக நிற்கும், உள்ளே ஏசி, சுவர் முழுக்க ஸ்டிக்கர். நான் சத்தத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்த தம்பி கையில் கேட்டலாக்கைக் கொடுத்துவிட்டார். "மேடம், ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டுடலாம். சத்தமும் போயிடும், ஓடையில அடியும் தட்டாது." வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்கு ஓடையில் அடி தட்டுகிற கவலை உண்மையாகவே இருந்தது. சரி என்றேன். இரண்டு நாள் வேலை, 38,000 ரூபாய், கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

அவர்கள் செய்தது இதுதான்: முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியின் தலைமேல் ஒரு வளையம், அதாவது ஸ்பேசர். பின்பக்கம் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) அச்சுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை. உயரம் வந்தது. 'டொக்' போகவில்லை. கூடவே புதிதாக மூன்று விஷயம் வந்தது. திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேரே வர மறுத்தது. காலி வண்டியில் பின்பக்கம் குதித்தது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதமும் நாலாயிரம் கிலோமீட்டரும் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது முன் டயரின் மேல் கை பட்டது. ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பத்தைத் தடவுகிற மாதிரி சுணை. டயர் நேராக உருளாமல் கொஞ்சம் கோணலாகத் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கினால் சக்கரத்தின் கோணங்கள் எல்லாம் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியைக் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்திருந்தார்கள். திரும்பிப் போய்க் கேட்டபோது, "ஆஃப் ரோடு வண்டின்னா அப்படித்தான் மேடம் இருக்கும்" என்றார்கள்.

அந்த பதிலுக்குப் பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். வகுப்பில் ஹூக் விதியும் தனிச்சீரிசை இயக்கமும் தடையுறு அலைவும் வருடா வருடம் நடத்துகிறேன். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும், இரண்டும் வேறு வேறு வேலை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு என் வண்டியில் மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கே பொறுக்கவில்லை.

சட்டத்தையும் அப்போதுதான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்று வைத்தார்கள். பொறுப்பு கடைக்காரர் தலையில் மட்டும் இல்லை, என் தலையிலும் விழுகிறது. அந்த ஏசி அறையில் யாரும் இதை வாயே திறக்கவில்லை.

ஆகஸ்ட் முழுக்க சனிக்கிழமைகளில் அலைந்தேன். புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய உதிரி பாகங்களுக்கு அந்த இடம்தான் என்று சென்னையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஷாக் அப்சார்பரையும் பால் ஜாயின்ட்டையும் பழையதாக வாங்கக் கூடாது என்று அங்கே கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான் எனக்குச் சொன்னார். "கதவு வேணுமா, லைட்டு வேணுமா, எடுத்துக்கோங்க. இது வேணாம்மா, புதுசா வாங்கிக்கோங்க." தன் வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்னார், அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது பாகங்களின் விலை விசாரித்தேன். ஒரே பெயர் போட்ட ஷாக் அப்சார்பர் அடுத்தடுத்த இரண்டு கடையில் 1,400 ரூபாய் வித்தியாசத்தில் இருந்தது. குறைந்த விலைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதிச் சரக்கு என்றார்கள், ஆனால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லை, மாதமும் வருடமும் இல்லை, எம்.ஆர்.பி. இல்லை. பெட்டியில் அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளில் இவை இருக்க வேண்டும் என்பது விதி. வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் மாதவரம். லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற பட்டறை. என் பிக்கப்பைப் பார்த்து அங்கிருந்த பையன்கள் சிரித்தார்கள், அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது. பட்டறைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, பட்டையை வளைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"காய்ச்சி வளைச்சா அழகா நிக்கும்மா," என்றார். "நாலு மாசம் நிக்கும். நெருப்புல காட்டுனா எஃகோட பதம் போயிடும், அப்புறம் அது பட்டை இல்ல, வெறும் இரும்புத் தகடு. உங்ககிட்ட காசு வாங்கிட்டு அதைச் செய்ய மாட்டேன்." பிறகு வண்டியின் பின்னால் உட்கார்ந்து அந்த இரும்புக் கட்டையைக் காட்டி, "இதை வெச்சது யாரு?" என்று கேட்டார். நான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஒரு யூ போல்ட் நட்டில் ஸ்பேனரை மாட்டி, இரண்டு விரலால் திருப்பினார். திரும்பியது.

அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த யூ போல்ட்டுகள்தான்.

அவர் தற்காலிகமாக இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "முன்பக்கம் எனக்கு வராதும்மா, லாரிக்கு ரெண்டு பக்கமும் பட்டைதான். பாடியில ஒருத்தர் இருக்காரு, என் பேரைச் சொல்லுங்க" என்று வழி சொல்லி அனுப்பினார்.

பாடி மேம்பாலத்தைத் தாண்டி, உள்ளே இரண்டு தெரு. போர்டு எழுத்து பாதி உரிந்துபோன கடை. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க இரண்டு பிட், வண்டியைத் தூக்க ஒரு லிஃப்ட், ஒரு ஓரத்தில் கழற்றிய பாகங்களுக்கு மர அலமாரி, ஒவ்வொரு தட்டிலும் சாக்பீஸில் வண்டி எண். அந்த அலமாரியைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனசு இறங்கிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் நான் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்வதும் இதைத்தான்: கழற்றியதைக் கழற்றிய வரிசையில் வை.

உரிமையாளருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். அவர் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி இல்லை. "என்ன ஏத்துவீங்க? எத்தனை மூட்டை? மாசத்துல எத்தனை தடவை? ரோடு கல்லா, சேறா?" என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கொரட்டூர் வரை ஓட்டினார். ரேடியோவை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினார். டொக். தலையை மட்டும் ஆட்டினார்.

கடைக்குத் திரும்பியதும் லிஃப்டில் ஏற்றி, ஒரு நீளக் கம்பியை, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் விட்டு நெம்பினார். ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவே பிளந்த வாய் மாதிரி ஒரு கோடு திறந்து மூடியது. "இதுதான் உங்க சத்தம், டீச்சர். லிஃப்ட் போட்டா இது எப்படிப் போகும்?" என்று கேட்டார். என்னையும் கம்பியைப் பிடித்து நெம்பிப் பார்க்கச் சொன்னார்.

அன்று வேலையைத் தொடங்கவே இல்லை. "அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ வண்டியை எடை போட்டுட்டு வாங்க. காலியா ஒருக்கா, லோடோட ஒருக்கா. முழு வண்டியும் போடுங்க, பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரியும் போடுங்க." பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன், யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. எடை மேடைக்காரருக்கும் ஆச்சரியம்தான், காலி வண்டியோடு ஒரு அம்மா வந்து நிற்கிறாரே என்று. காலியாக மொத்தம் 1,910 கிலோ, பின் அச்சில் 810. ஆறு மூட்டை கடலையும் சாமானும் நானும் சேர்ந்து மொத்தம் 2,300, பின் அச்சில் 1,170. ஏற்றிய 390 கிலோவில் 360 பின் அச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு ஒரு வேலையைக் குறைத்தார். "கூடுதல் பட்டை சேர்க்கலாம்னு நெனச்சேன். வேணாம். மாசத்துல ரெண்டு நாள் லோடுக்காக மீதி இருபத்தெட்டு நாள் உங்க முதுகு அடி வாங்கணும்." நிலையான லோடுக்கு என்று தனித்தனி அளவில் பட்டைத் தொகுதிகள் விற்கிறார்கள், எப்போதும் சுமையோடு ஓடும் வண்டிக்கு அவை சரி, எனக்கு இல்லை என்று விளக்கினார்.

அக்டோபர் முதல் வாரம் வேலை நடந்தது. மதிப்பீட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார், கீழே ஒரு வரி: 'போல்ட் சிக்கியிருந்தால் அறுக்க வேண்டும், அதற்குத் தனி.' 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் தெருவில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதைச் சொன்னபோதே அவர் இந்த வரியைச் சேர்த்துவிட்டார். சொன்ன மாதிரியே இரண்டு போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. அறுப்பதற்கு முன் எனக்கு போன் செய்தார், மத்தியானம் பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன்.

பின்பக்கப் பட்டைகளைப் பிரித்தபோது இரண்டாவது பட்டையில், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையிலிருந்து ஓரத்தை நோக்கி மயிரிழை விரிசல். யூ போல்ட் தளர்ந்தால் பட்டைகள் அந்த இடத்தில் இறுக்கமில்லாமல் வளைந்து வளைந்து நிமிரும். துளை இருக்கும் இடம்தான் பட்டையில் பலவீனமான இடம். அங்கேதான் முதலில் விடும். அந்தக் கட்டை, அந்தத் தளர்ந்த நட்டு, இந்த விரிசல். வரிசையாக மேசைமேல் வைத்துக் காட்டினார். கழற்றிய எதையும் தூக்கிப் போடவில்லை. எல்லாம் ஒரு சாக்குப் பையில் கட்டி எனக்கே கொடுத்தார்.

ஸ்பேசரும் கட்டையும் போயின. கீழ் ஆர்ம் புஷ் நான்கு, பால் ஜாயின்ட் இரண்டு, ஷாக் அப்சார்பர் நான்கு, விரிசல் விட்ட பட்டைக்குப் பதில் அதே அளவில் புதுப் பட்டை, யூ போல்ட் முழு செட். பழைய யூ போல்ட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். "ஒருக்கா இறுக்குனா அது இழுபட்டுடும் டீச்சர், மறுபடி அதே பிடி பிடிக்காது" என்றார். மீட்சி எல்லையைப் பற்றி நான் கரும்பலகையில் வரையும் வளைகோட்டை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஆனால் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது வேறொரு இடத்தில். புது புஷ்ஷை அடித்து, ஆர்மை மாட்டி, போல்டுகளைக் கைப்பிடியாக மட்டும் விட்டுவிட்டார். இறுக்கவில்லை. வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி, பானட்டை அழுத்தி ஆட்டிவிட்டு, பிட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டு, குறித்த அளவு இறுக்கம் வந்ததும் சொல்லும் டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கினார். ரெஞ்சு 'கிளிக்' என்னும் ஒவ்வொரு முறையும் பையன் ஒரு தாளில் டிக் அடித்தான்.

அந்த புஷ்ஷில் வெளிக்குழாய் ஆர்மோடும் உள்குழாய் போல்ட்டோடும் இறுகிவிடும். நடுவில் இருக்கும் ரப்பர் இரண்டோடும் ஒட்டியது. அது சுழலாது, முறுக்கிக்கொண்டு மட்டும் கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், தொங்குகிற நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. தரையில் இறக்கியதும் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓடையில் சக்கரம் மேலேறும்போது இன்னும் முறுக்கும், கிழியும். லிஃப்டில் வைத்தே இறுக்கிவிட்டால் அரை மணி நேரம் மிச்சம். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த அரை மணி நேரத்தை அவர் பிட்டுக்குள் படுத்துக்கொண்டு செலவழித்தார். சஸ்பென்ஷன் வேலைக்குக் கடை தேடுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: புஷ் போல்டை எப்போது இறுக்குவீர்கள்? பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

அலைன்மென்டுக்குத் தானே ஓட்டிப் போய், செய்வதற்கு முன்பு எடுத்த தாள், பின்பு எடுத்த தாள் இரண்டையும் கொண்டுவந்தார். மொத்தம் 61,400 ரூபாய். முறையான பில். செப்டம்பர் 22-லிருந்து உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்ததால், முதல் மதிப்பீட்டைவிடக் குறைத்துப் போட்டிருந்தார், நான் கேட்கவில்லை. முதல் கடைக்குக் கொடுத்த 38,000-ஐயும் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தொடுகிறது, இரண்டு டயர் தனி. என் சம்பளத்துக்கு இது பெரிய பணம்.

ஓடையில் அடி தட்டும் கவலைக்கு அவர் சொன்ன வழி எளிமையானது. என்ஜின் அடியில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டை நிமிர்த்தி மாட்டிக் கொடுத்தார். "அப்புறம் ஓடையில இறங்குறதுக்கு முன்னாடி நீங்க இறங்கி நடந்து பாருங்க, டீச்சர். எந்தக் கல்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு இன்ச் தேவைப்படாது." இப்போது நடந்து பார்க்கிறேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்.

வேலை முடிந்த அன்று நான்கு சக்கரத்திலும் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, எண்களைக் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். யூ போல்ட் நட்டு ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார், நட்டிலிருந்து தட்டு வரை ஒரே நேர்கோடாக. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். போனபோது எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பார்த்தார், எட்டு நட்டில் இரண்டு மட்டும் கால் சுற்று ஏறின. புதுக் கோடு இழுத்தார். சுவரில் என் வண்டி எண்ணுக்குக் கீழே இரண்டாவது வரிசை எண்கள் சேர்ந்தன. அதற்குக் காசு வாங்கவில்லை.

கடையின் பெயரை எழுதவா என்று அவரிடமே கேட்டேன். வேண்டாம் என்றார். இப்போதே மூன்று வாரம் வண்டிகள் காத்திருக்கின்றன, அவசரப்படுத்துகிறவர்கள் வந்தால் வேலை கெட்டுவிடும் என்றார். மதிக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை ஆறு மூட்டையோடு திரும்பினேன். ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் ஓடையில் இறங்கினேன். கற்கள் டயருக்கடியில் புரளும் சத்தமும் தண்ணீர் சத்தமும் மட்டும்தான். அக்கரையில் ஏறி நிறுத்தி, டார்ச்சோடு பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். எட்டு நட்டிலும் மஞ்சள் கோடு நேராக இருந்தது.